இருபத்தேழு நொடி

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கைக் கதை உண்டு. நானும் என் வீட்டுக்காரரும் எப்படிச் சேர்ந்தோம் என்ற கதை. அதை என்னைவிட என் மகள் நன்றாகச் சொல்வாள். கை, கண், புருவம் எல்லாவற்றையும் வைத்துச் சொல்வாள். தன் கல்யாணத்தன்றே சம்பந்தி வீட்டாருக்குச் சொன்னாள். தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் சொன்னாள். அவள் பிள்ளைகள் இரண்டும் சாப்பிட அடம்பிடித்த காலத்தில் அதைச் சொல்லித்தான் ஊட்டினாள். அவள் சொல்லும் கதையில் நான் இருபத்துமூன்று வயது வெட்கக்காரி, அவர் இருபத்தெட்டு வயது அவசரக்காரர். நான் வெட்கக்காரி என்பது சுத்தப் பொய். அப்போதே நான் வாயாடி என்று பெயரெடுத்தவள்.

அந்தக் கதையை நான்தான் கெடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. போன வாரம் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். "அத்தை, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. அவ ரெண்டாவது மாடி ஏறறதுக்குள்ள நின்னுடறா. கேட்டா நோட்டீஸ் போர்டைப் படிக்கிறேங்கறா. அவ எழுதி ஒட்டின நோட்டீஸை அவளே எதுக்குப் படிக்கணும்?" என்றார். நாற்பத்துமூன்று வயது. கணக்கு டீச்சர். வகுப்பு மூன்றாவது மாடியில். நான் ஒரு நாள் பூராவும் கத்தி, அவளை இதய டாக்டரிடம் போக ஒப்புக்கொள்ள வைத்தேன். டாக்டர் முதலில் கேட்கப்போவது அப்பாவைப் பற்றித்தான். அவள் இந்தக் கதையைத்தான் சொல்வாள். அதனால் நானும் கூடப் போக வேண்டியிருந்தது.

முதலில் கதை. நான் வேலை பார்த்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ரத்தம் உறைவதைச் சோதிக்கும் பிரிவில். இப்போது போல மெஷின் கிடையாது. ஒரு வெந்நீர்த் தொட்டி, அதற்குள் உடம்புச் சூட்டில் வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள், பின்னால் வளைந்த கழுத்துள்ள ஒரு மேசை விளக்கு, என் கழுத்தில் ஷூ லேஸ் கட்டித் தொங்கவிட்ட ஸ்டாப்வாட்ச். குழாயில் பிளாஸ்மாவை விட்டு, மருந்தை விட்டு, கடிகாரத்தை அழுத்திவிட்டு, குழாயை விளக்குக்கு எதிரே சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருப்பது திடீரென்று ஒரு நூலாகத் திரளும். அந்தக் கணத்தில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு அறுபது குழாய்.

எங்கள் பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்போம். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார். ஆனால் பாடம் சொன்னால் சாகும்வரை மறக்காது. "ரத்தத்துல உறைய வைக்கிற புரதம் ஒரு டஜனுக்கு மேல இருக்கு. எல்லாம் தூங்கிட்டு இருக்கும். ஒருத்தன் எழுந்து அடுத்தவனை உதைச்சு எழுப்புவான். அவன் அடுத்தவனை. கடைசியில எழுந்திருக்கிறது ஃபைப்ரினோஜன். அதுதான் நூலா மாறி வலை பின்னும். வெட்டுக் காயத்துல அது நடந்தா உயிர் பிழைக்கும். இதயத்துக்குப் போற குழாய்க்குள்ள நடந்தா உயிர் போகும்." இவ்வளவுதான் பாடம். இதில் எட்டாவது ஃபேக்டர் என்று ஒரு புரதம் உண்டு. அது கொஞ்சம் படபடப்புக்காரப் புரதம். பயந்தாலும் ஓடினாலும் மனசு துடித்தாலும் ஏறிவிடும். இதையும் மேடம்தான் சொன்னார். கதைக்கு இது முக்கியம்.

ஒரு நோயாளியின் ரத்தம் சரியாக உறைகிறதா என்று எதோடு ஒப்பிடுவது? அதற்கு ஆரோக்கியமான இருபது பேரின் ரத்தத்தை எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, ஒன்றாகக் கலந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் உறைபெட்டியில் வைத்துக்கொள்வோம். அதன் பெயர் நார்மல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கலவை. ரத்தம் கொடுக்கும் இருபது பேர் வேறு யாருமில்லை, நாங்கள்தான். லிஃப்ட்காரர், டைப்பிஸ்ட், வார்டு ஆயா, துணி வெளுக்கும் பிரிவின் இரண்டு தடியன்கள், நான், இப்படி. இந்த ஊரில் ரத்தம் எப்படி உறைய வேண்டும் என்பதற்கு அளவுகோலே நாங்கள்தான் என்று எங்களுக்குத் தலைக்கனம் வேறு.

கலப்பதற்கு முன்னால் ஒவ்வொருவர் பிளாஸ்மாவையும் தனித்தனியாக நேரம் பார்ப்போம். முப்பத்துநான்கிலிருந்து நாற்பது நொடிக்குள் உறைந்தால் சரி. அதைவிட வேகமாக உறைந்துவிட்டால் எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது: ரத்தத்தின் மேல் தப்பில்லை, ஊசி போட்டவர் மேல் தப்பு. ஒரே குத்தில் எடுக்காமல் இரண்டு மூன்று தடவை துழாவினால் சதையின் நீர் ஊசிக்குள் கலந்து, ரத்தம் அங்கேயே உறைய ஆரம்பித்துவிடும். அதனால் நேரம் குறைந்தால் அந்தக் கணக்கை அடித்துவிட்டு, ஊசி போட்டவரைத் திட்டிவிட்டு, மறுபடி எடுப்போம். பத்துக்கு ஒன்பது தடவை அது சரியாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது அந்த ஆஸ்பத்திரியில் மெஷின் பழுது பார்ப்பவர். ஸ்பேனர் என்று பட்டப்பெயர். காதில் பென்சில், சட்டைப் பையில் சிகரெட், மேலெல்லாம் மெஷின் எண்ணெய் வாசனை. ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எங்கள் மெஷினை அந்த வருஷம் பதினொரு தடவை பழுது பார்த்தார். அது கெட்டதென்னவோ இரண்டு தடவைதான். மற்ற ஒன்பது தடவையும் மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, "சத்தம் ஒரு மாதிரியா இருக்கே" என்று சொல்லி, என்னைப் பார்த்து, மூடிவிட்டுப் போவார். நானும் சும்மா இருந்தேனா? "உங்க மண்டைக்குள்ள கேக்கற சத்தத்துக்கு மெஷின் என்ன செய்யும்?" என்று கேட்பேன். அவருக்கு அது போதும், இரண்டு நாளைக்குச் சந்தோஷமாக இருப்பார்.

லிஃப்ட்காரருக்குக் காய்ச்சல் வந்து இருபதில் ஒருவர் குறைந்தபோது, மேடம் இவரைப் பிடித்து உட்காரவைத்தார். ரத்தம் எடுக்க வேண்டியவள் நான். கயிறு மாதிரி நரம்பு. குருடிகூட எடுத்துவிடுவாள். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை நடுங்கிவிட்டது. இரண்டு தடவை குத்தினேன். நேரம் பார்த்தால் இருபத்தேழு நொடி. மேடம் நோட்டைப் பார்த்தார். "கை நடுங்குச்சா?" என்றார். "நடுங்குச்சு மேடம்" என்றேன். அந்தக் கணக்கை அடித்துவிட்டார்.

அடுத்த வாரம் மறுபடி. இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே குத்து. சுத்தமாக வந்தது. நேரம் இருபத்தேழு. மேடம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மனசு படபடத்தா எட்டாம் நம்பர் ஏறும்னு சொல்லியிருக்கேன்ல? இதுல யார் மனசு, யார் கைன்னுதான் புரியல" என்றார். மேடம் நகைச்சுவை செய்தது சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. டைப்பிஸ்ட் அதை அரை மணி நேரத்தில் நான்கு மாடிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

மூன்றாவது தடவை மேடம் என்னை அறைக்கு வெளியே நிற்க வைத்தார். ரத்தம் எடுத்தது ஊசி அண்ணன். தூங்கும் குழந்தை விழிக்காமல் ஊசி போடுவார் என்று பெயர். வார்டுகளில் நரம்பே கிடைக்காதவர்களுக்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நான் வெளியே நின்றேன். ஆனால் கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது. அதில் எட்டிப் பார்த்தேன். கையை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு என்னையே நேரம் பார்க்கச் சொன்னார்கள். இருபத்தேழு. மேடம் பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார்: "மூன்றாம் முறையும் 27. காரணம்: கதவில் கண்ணாடி உள்ளது." ஊசி அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "இருபது பேர்ல ஒருத்தன் அவசரம் தெரியாது, கலந்துடுங்க" என்று சொல்லிவிட்டு மேடமும் சிரித்தார்.

அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். மேடம் வந்து இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து அது எங்கள் கதை.

நாங்கள் குடிபோன வீடு இரண்டு அறை. பெரியதொன்றும் இல்லை. ஆனால் அதில் ஒரு கதவுகூடக் கிறீச்சிடாது, ஒரு குழாய்கூடச் சொட்டாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு விசிலடித்துக்கொண்டிருப்பார். திருகாணிகளை என் தட்டு, டம்ளர் எல்லாவற்றிலும் போட்டு வைப்பார். நான் கத்துவேன். மகள் ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுப்பாள், அவளுக்குக் கணக்கு அங்கேதான் வந்தது. இன்றைக்கும் எண்ணெய் வாசனை எங்காவது அடித்தால் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் வரும். நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். சொல்வதற்கு என்ன வெட்கம்.

முதல் தடவை சேர்த்ததற்குப் பிறகு அவர் ரத்தத்தைத் தனியாக யாரும் நேரம் பார்க்கவில்லை. நிரந்தர ஆள் ஆகிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார், கொடுப்பார், கலந்துவிடுவோம். வீட்டில் சண்டை வந்தால் அவருடைய பெரிய ஆயுதம் அது. "என்னைக் குத்தம் சொல்றியா? நான் நார்மல்டி. ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கு" என்பார். சிகரெட்டை விடுங்கள், ஒரு தடவை பிரஷராவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், "நார்மலே நான்தான். என்னை எதோட ஒப்பிட்டுப் பார்ப்பே?" என்பார். நானும் சிரித்துவிடுவேன். ஊருக்கெல்லாம் நேரம் பார்த்தவள். விளக்குக்கு அடியில்தான் இருட்டு.

அவருக்கு ஐம்பது வயது. நான் காலை டியூட்டிக்குப் போயிருந்தேன். மகளுக்குப் பத்தொன்பது, பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். ஃபேனுக்கு எண்ணெய் போட ஸ்டூல் மேல் ஏறியவர் விழுந்துவிட்டார். கட்டிலின் இரும்புக் கால் மண்டையில் அடித்துவிட்டது. நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலையில் அடி என்று எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டூல் ஆடியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். அதற்கு முன்னால் இரண்டு நாளாக அவர் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வாயு என்றார். மாத்திரை கொடுத்தது நான்தான்.

பிறகு ஆறு வருஷம் கழித்து, எங்கள் பிரிவுக்கு மெஷின் வந்தது. குழாயை வைத்தால் அதுவே சாய்த்து, அதுவே பார்த்து, காகிதத்தில் நொடிகளை அச்சடித்துத் தரும். அப்போது ஒரு ஆராய்ச்சி நடந்தது. சின்ன வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களின் ரத்தத்தையும், அதே வயதில் நோயில்லாதவர்களின் ரத்தத்தையும் எடுத்து, உறையவைக்கும் புரதங்களை அளந்தார்கள். அளந்தவள் நான். மாரடைப்பு வந்தவர்கள் பலருக்கு ஃபைப்ரினோஜன் அதிகம், எட்டாவதும் அதிகம். எல்லோருக்கும் இல்லை. அதிகமாக இருந்தும் குத்துக்கல்லாட்டம் இருந்தவர்கள் உண்டு, குறைவாக இருந்தும் விழுந்தவர்கள் உண்டு. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது.

ஒரு மத்தியானம், மாரடைப்பு வந்து பிழைத்த ஒரு லாரி டிரைவரின் குழாய் இருபத்தேழு என்று வந்தது. பழைய சட்டப்படி அடித்துவிட்டு, திரும்ப எடுக்கச் சொன்னேன். மறுநாள் வந்தது, இருபத்தேழு. வேறு ஆளை எடுக்கச் சொன்னேன். இருபத்தேழு. எட்டாம் புரதத்தைத் தனியாக அளந்தேன். சாதாரண ஆளுக்கு இருக்க வேண்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த டிரைவருக்கு யார் மேல் படபடப்பு? மெஷினுக்கு யார் மேலும் காதல் இல்லை.

அடி அலமாரியிலிருந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். மேடத்தின் கையெழுத்து அப்படியே இருந்தது. காரணம்: கதவில் கண்ணாடி உள்ளது. நடுங்கின கை, நடுங்காத கை, ஊசி அண்ணனின் கை, மூன்றும் ஒரே நொடியைத்தான் சொல்லியிருக்கின்றன. கூடவே நாளைக்குப் பத்து சிகரெட். கூடவே இரண்டு நாள் வாயு. ரத்தம் எங்களிடம் மூன்று தடவை ஒழுங்காகச் சொன்னது, நாங்கள் மூன்று தடவையும் சிரித்தோம். அந்தக் காலத்தில் தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்போம் என்று கேட்கலாம். பெரிதாக ஒன்றும் இல்லை. சிகரெட்டைப் பிடுங்கியிருப்பேன். கையைப் பிடித்து இழுத்துப்போய் பிரஷர் பார்த்திருப்பேன். வாயு என்றவரிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குப் போயிருக்க மாட்டேன்.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என் மகள், அவளுக்குப் புதிதாகப் பார்த்த மாப்பிள்ளையிடம் போனில் இந்தக் கதையைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்ய? அவரைப் பார்த்து என் கை நடுங்கியது, என்னைப் பார்த்து அவர் ரத்தம் துடித்தது, அவரிடமிருந்து எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் ஒரு நோயாக மாற்றி நோட்டில் எழுத எனக்கு மனசு வரவில்லை. ஸ்டூல் ஆடிவிட்டது என்றே வைத்துக்கொண்டேன். இப்படிப் பதினெட்டு வருஷம்.

டாக்டர் என் மகளைவிடச் சின்னவர். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டார். அவள் நோட்டீஸ் போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "லேசா மூச்சு வாங்குது, தோள்பட்டை வலிக்குது, பேப்பர் கட்டு தூக்கறதுனால இருக்கும்" என்றாள். நான் தொண்டையைக் கனைத்தேன். "சரி, ரெண்டாவது மாடியில நின்னுதான் போறேன்" என்றாள், என்னை முறைத்துக்கொண்டே.

"அப்பா இருக்காங்களா?"

"இல்ல டாக்டர். அம்பது வயசுல போயிட்டார். ஸ்டூல்லேர்ந்து விழுந்து, தலையில அடி."

"அவருக்கு ஹார்ட் பிரச்சினை ஏதாவது?"

"அப்பாவுக்கா!" என்று சிரித்தாள். "அவர் ரத்தம்தான் டாக்டர் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கே நார்மல்." அப்புறம் ஆரம்பித்துவிட்டாள். என் கை நடுங்கியது, மேடத்தின் முகம், ஊசி அண்ணன், கதவுக் கண்ணாடி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சை இழுத்தாள். டாக்டர் மனசாரச் சிரித்தார். என்னைப் பார்த்து, "பெரிய ஆளும்மா நீங்க" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "அப்போ குடும்பத்துல யாருக்கும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே தட்டினார்.

"டாக்டர், அதை அழிச்சிடுங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த இருபத்தேழு என் கையால வந்ததில்ல. மூணு தடவை, ரெண்டு பேர் கை, ஒரே நேரம். நாப்பது வருஷம் அதே வேலை பார்த்தவ சொல்றேன். அவருக்கு எட்டாவது ஃபேக்டர் அதிகமா இருந்திருக்கு. அதை நாங்க தனியா அளக்கவே இல்ல. தமாஷ் பண்ணிட்டு விட்டுட்டோம்."

டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். "சிகரெட் உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு நாளைக்குப் பத்து. எனக்குத் தெரியாம எவ்வளவோ."

"விழறதுக்கு முன்னாடி உடம்புக்கு ஏதாவது சொன்னாரா?"

"ரெண்டு நாளா நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தார். வாயுன்னு மாத்திரை குடுத்தேன்."  அதோடு நான் நிறுத்தவில்லை. "இன்னொண்ணு டாக்டர். வழுக்கி விழறவன் கையை ஊனுவான். அன்னிக்கு அவர் கையைத் துடைச்சது நான். உள்ளங்கையில, முட்டியில, ஒரு சிராய்ப்பு இல்ல. ஃபேனைத் தொடறதுக்கு முன்னாடியோ தொடும்போதோ, மேலேயே அவர் போயிட்டார். ஸ்டூல் ஒண்ணும் பண்ணல."

டாக்டர் என் மகளிடம், "நீங்க அப்போ வீட்டுல இருந்தீங்களா?" என்று கேட்டார்.

"பக்கத்து ரூம்ல" என்றாள். "சத்தம் கேட்டு வந்தேன்."

"கத்தினாரா?"

அவள் யோசித்தாள். "இல்ல" என்றாள் மெதுவாக. "சத்தமே போடல."

டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எங்களுக்கு நேராக உட்கார்ந்தார். நிதானமாகத்தான் பேசினார். "அந்த ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு யாருக்கும் ஜோசியம் சொல்ல முடியாது. அது அதிகமா இருக்கிற நெறைய பேர் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா அப்பாவுக்கு அம்பதுல மாரடைப்புன்னா, உங்க மூச்சையும் தோள்பட்டையையும் நான் பார்க்கிற விதமே வேற. இன்னிக்கே ஈ.சி.ஜி., ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்துடுவோம். வேண்டியதைச் செய்யறதுக்கு நேரம் இருக்கு." எழுதியதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: தந்தை, வயது ஐம்பது, மாரடைப்பு என்று சந்தேகம். நான் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. எங்களுக்கு நாற்பத்தாறாம் நம்பர் டோக்கன். உள்ளே நாற்பத்திரண்டு போய்க்கொண்டிருந்தது. அவள் டோக்கனை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.   பதினெட்டு வருஷம் ஏன் மறைத்தாய், என் உடம்பைப் பற்றிக் கவலை இல்லையா உனக்கு என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கதை எனக்கு வேண்டியிருந்தது என்றா? பெற்ற பெண்ணைவிட ஒரு சிரிப்பு பெரிதா என்று திருப்பிக் கேட்டால்?

"என்னைத் திட்டறதுன்னா திட்டிடு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதைதான். தப்பு என்னுது. அன்னிக்கே உன்னைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்திருக்கணும்" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. "அம்மா" என்றாள். "மேலேயே போயிட்டார்னு சொன்னியே. அது டாக்டருக்காகச் சொன்னதா, நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"அப்போ ஸ்டூல் ஆடல?"

"ஆடல. அது அவர் செஞ்ச ஸ்டூல். இன்னும் என் சமையலறையில இருக்கு. அறுபத்தொம்பது வயசுல நானே ஏறி டப்பா எடுக்கறேன், அதுவா ஆடும்?"

அவள் டோக்கனை மடிப்பதை நிறுத்தினாள். "ஃபேன் சத்தம் போடுதுன்னு சொன்னது நான்தாம்மா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"படிக்க முடியல, இப்பவே சரி பண்ணுங்கன்னேன். சாயந்திரம் பண்றேன்மான்னார். நான் புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டேன். கத்தினேன். அப்புறம்தான் ஸ்டூலை எடுத்துட்டு வந்தார். நான் கோவத்துல பக்கத்து ரூமுக்குப் போயிட்டேன். எல்லாரும் கேட்டப்ப, அவராத்தான் ஏறினார்னு சொல்லிட்டேன். உன்கிட்டயும் அதையேதான் சொன்னேன். நான் கத்தாம இருந்திருந்தா..." வாயைப் புறங்கையால் பொத்திக்கொண்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இருபத்துநான்கு வருஷம். நான் பெற்ற பெண், அப்பனைக் கொன்றவள் நான்தான் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதி, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, எல்லோரையும் சிரிக்கவைத்து அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். கதையின் சிரிப்புப் பக்கத்தையே பேசிப் பேசி, ஸ்டூல் பக்கத்தை மூடி வைத்திருக்கிறாள். அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பார்த்த மத்தியானமே நான் வாயைத் திறந்திருந்தால், அவளுக்கு இருபத்தைந்து வயதிலேயே இது தீர்ந்திருக்கும். வாயாடி என்று பெயர் எடுத்தவள் பேச வேண்டிய ஒரே இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கண்கூடக் கலங்கவில்லை.

நாற்பது வருஷ வேலையில் ஒரு தடவைகூட, இரண்டாவது முறை பார்க்காமல் நான் ஒரு முடிவை எழுதிக் கொடுத்ததில்லை. இருக்கலாம், போல் தெரிகிறது, திரும்பப் பார்க்கவும், இப்படித்தான் எழுதுவேன். அந்தப் பெஞ்சில் அப்படிச் சொல்லவில்லை. அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன்.

"ஃபேன் இல்லடி" என்றேன். "நீ கத்தலைன்னா அவர் கட்டில்ல படுத்திருப்பார், படுத்தபடியே போயிருப்பார். ரெண்டு நாளாவே அது வந்துட்டு இருந்தது. நீ இல்ல. ஃபேன் இல்ல."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதுகூட இப்படிச் சாய்ந்தவள் இல்லை.

"டோக்கன் நாப்பத்தாறு" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள்.